முதல் மேய்ச்சல்

முதல் கல் என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நான் மேட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு முழம் சதுரமாக வளைத்த கம்பிக்குள் இருந்த புல்லைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ காக்கை போட்டது என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தேன். இரண்டாவது கல் நறுக்கிய புல் இருந்த பையின் மேலேயே விழுந்தது. காக்கை இவ்வளவு குறி பார்க்காது என்று எழுந்து உட்கார்ந்தேன்.

இருபது அடி தள்ளி ஒரு பெண் நின்றிருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, கையில் மூன்றாவது கல். பின்னால் ஆடுகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன. பொழுது இன்னும் சரியாக விடியவில்லை.

“யாருய்யா நீ? நிலத்தை அளக்க வந்தியா? அவன்தானே அனுப்பினான்?”

“அளக்கலைங்க. எண்ணிட்டிருக்கேன்.”

“என்னத்தை?”

“பூச்சியை.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. “பூச்சி எண்ண ஒரு ஆளா? வேற வேலையே கிடைக்கலையா உனக்கு?”

“கிடைக்கலைங்க,” என்றேன். பொய் சொல்லவில்லை.

“இதுக்கு நீ அளக்கவே வந்திருக்கலாம்,” என்று சொல்லிவிட்டுக் கல்லைக் கீழே போட்டாள். ஆடுகள் என்னைச் சுற்றிக்கொண்டு புல்லில் வாயை வைத்தன. என் கம்பிச் சதுரத்தை ஒன்று மிதித்து வளைத்தது. அதற்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

நான் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் தற்காலிக ஆள். மேய்ச்சல் புல்லிலும் அதற்கடியில் இருக்கும் மண்ணிலும் வாழ்கிற உண்ணிகளை ஒரு பருவம் முழுக்க எண்ணிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உண்ணி என்றதும் ஆட்டின் காதில் ரத்தம் குடித்துப் பருத்துத் தொங்குவது ஞாபகம் வரும். இது அது இல்லை. கடுகை நாலாக உடைத்தால் ஒரு துண்டு என்ன அளவோ, அந்த அளவு. பழுப்பு நிறம், பளபளவென்று ஒரு ஓடு, எட்டுக் கால். மக்கிய இலையையும் பூஞ்சையையும் புழுக்கையையும் தின்றுகொண்டு தன்பாட்டுக்கு மண்ணில் கிடக்கும். நாம் ஒரு கால் வைக்கிற இடத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கில் இருக்கும். யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காத ஜன்மங்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

மேட்டில் வேலை செய்ய நிலையத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் இளையவன். அவள் சொன்ன ‘அவன்’ அவன்தான், அவளுடைய கொழுந்தன். கையெழுத்துப் போட்டானே தவிர தங்க இடம் கொடுக்கவில்லை. ஸ்பிரிட் வாடை ஆகாது என்று அவன் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் கல் எறிந்தவள்தான் பின்கட்டு அறையைத் திறந்துவிட்டாள். “பாவம் பாத்துக் குடுக்கல. கண்ணு முன்னாடி கெடந்தாத்தான் நீங்க என்ன பண்றீங்கன்னு தெரியும்,” என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். தெருவில் அவளைப் பெரியவள் என்பார்கள், கொழுந்தன் மனைவியைச் சின்னவள் என்பார்கள். எனக்கு ஒரே நாளில் பூச்சி சார் என்று பெயர் வந்துவிட்டது.

வீடு ஒன்றுதான். நடுவில் சுவர். நான்கு வருடத்துக்கு முன் பெரியவளின் கணவர், மூத்தவர், மாரடைப்பில் போனார். அந்த மாதமே சுவர் வந்தது. சமையலறையை வெட்டி, கூடத்தை வெட்டி, ஒரு ஜன்னலைக்கூட விடாமல் பாதியாக வெட்டியிருந்தார்கள். ஜன்னலின் ஒரு கதவு இந்த வீட்டில், இன்னொரு கதவு அந்த வீட்டில். கொல்லைப் பக்கம் வந்ததும் செங்கல் தீர்ந்துவிட்டதாம், அங்கே சுவர் மார்பளவோடு நின்றுவிட்டது. வசவு போக வர அது வசதியாக இருந்தது.

மேட்டை மட்டும் வெட்ட முடியவில்லை. தண்ணீர்த் தொட்டி ஒன்று, கேட் ஒன்று. தெருப் பெரிய மனிதர்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு விதி போட்டார்கள். யார் முதலில் கேட்டைத் திறக்கிறார்களோ அவர்கள் ஆடு பத்து மணி வரைக்கும் மேயலாம். மற்றவர் ஆடு பத்துக்கு மேல்தான் உள்ளே போக வேண்டும். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள்: பெரியவள் ஆடு வளர்க்கிற வரைக்கும்தான் அவளுக்கு மேட்டில் பங்கு, பட்டி காலியானால் மேடு முழுக்க இளையவனுக்கு.

“நாலு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவன் எனக்கு முன்னாடி அந்தக் கேட்டைத் தொறந்திருப்பானா கேளுங்க,” என்றாள் பெரியவள். டீ ஆற்றிக்கொண்டே பேசுவாள். பேச்சில் சூடு ஏற ஏற டீ ஆறிப்போகும். “அவன் அஞ்சு மணிக்கு எந்திரிச்சா நான் நாலரைக்கு. அவன் நாலரைன்னா நான் நாலு. ஒருதரம் போட்டி போட்டுப் போட்டு ரெண்டு பேரும் நடுச்சாமத்துல கேட்டுகிட்ட நின்னோம். அதோட அவன் விட்டுட்டான். காய்ச்சல்ல கெடந்தப்பவும் நான்தான் தொறந்தேன்.”

“எதுக்குக்கா இவ்வளவு கஷ்டம்? பத்து மணிக்கு மேலயும் அதே புல்லுதானே?”

“அதே புல்லா? அவன் ஆடு தின்ன மிச்சத்தை என் ஆடு தின்னணுமா?” என்று என்னைப் பார்த்த பார்வையில் டீயை நானே எடுத்துக் குடித்துக்கொண்டேன்.

அவள் பட்டியில் இருபத்தாறு தாய் ஆடு, பதினேழு குட்டி. இருட்டோடு இருட்டாகப் புழுக்கை கூட்டி, தொட்டி கழுவி, பால் குடிக்கத் தெரியாத குட்டியின் வாயில் காம்பைத் திணித்து, ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். நானும் பின்னாலேயே போவேன். விடிகிற நேரம், பத்து மணி, உச்சி வெயில் என்று மூன்று தரம் புல் நறுக்க வேண்டும். இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இறக்கி, வேரோடு ஒரு துண்டு எடுக்க வேண்டும். பின்கட்டில் பன்னிரண்டு புனல்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தேன். ஒவ்வொரு புனலிலும் சல்லடை, சல்லடையில் மண் துண்டு, மேலே ஒரு பல்பு, கீழே ஸ்பிரிட் பாட்டில். பல்பின் சூட்டுக்கு மண் மேலிருந்து காயக் காய உண்ணிகள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். இறங்கி இறங்கி ஐந்தாம் நாள் பாட்டிலில் விழும். அப்புறம் ஒவ்வொன்றாக எண்ண வேண்டியது என் தலையெழுத்து.

பெரியவள் வாசலில் நின்று பார்ப்பாள். “மண்ணுக்குப் பல்பு போட்டு அடைகாக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன். குஞ்சு பொரிச்சா எனக்கும் ரெண்டு குடுங்க.”

இரண்டாவது மாதத்தில் குட்டிகள் மெலிய ஆரம்பித்தன. மெலிவு என்றால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிற மெலிவு. ஆனால் வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது. கழிச்சல். புழுக்கையோடு வேகாத அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாக ஏதோ வந்தது. மாட்டு டாக்டர் வந்து, நாடாப்புழு என்று சொல்லி, மருந்து ஊற்றிவிட்டுப் போனார். தேறின. ஒன்றரை மாதத்தில் மறுபடியும் அதே வயிறு, அதே அரிசி. சுவருக்கு அந்தப் பக்கம் இளையவனின் குட்டிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

“போன வருஷமும் இப்படித்தான் ஏழு போச்சு. அதுக்கு முந்தின வருஷம் அஞ்சு,” என்றாள் பெரியவள். “அவங்க குட்டி ஒண்ணுகூடச் சாகல. எப்படி? ஒரே மேடு, ஒரே தண்ணி. அதெப்படி என் குட்டி மட்டும் சாகும்? மருந்து வைக்கிறாங்க சார். என் பட்டி காலியாகணும்னு வைக்கிறாங்க.”

நாலு வருடமாக இரண்டு பெண்களும் முகம் பார்த்துப் பேசியதில்லை. எல்லாம் ஜாடைப் பேச்சுதான். பெரியவள் தண்ணீர் வாளியைப் பார்த்துப் பேசுவாள். சின்னவள் துணி காய்கிற கயிற்றிடம் பதில் சொல்லுவாள்.

“ஏ வாளி, கேட்டுக்கோ. சில பேரு அடுத்தவ பட்டியில கையை விடுறாங்களாம். அந்தக் கை அழுகிப்போகும்.”

“ஏ கயிறே, நீயும் கேட்டுக்கோ. குட்டி வளக்கத் தெரியாதவங்களுக்குக் கோவம் மட்டும் பொங்கிக்கிட்டு வருது. ஆடி அசைஞ்சு பத்து மணிக்குப் போற எங்க குட்டிங்க எப்படிக் கொழுகொழுன்னு இருக்குன்னு கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் பாக்கச் சொல்லு.”

“அந்தக் கொழுப்பு எங்கேருந்து வந்துச்சுன்னும் கேளு வாளி.”

“பொறாமையில வயிறு எரிஞ்சா அந்தச் சூட்டுல குட்டிங்க கருகத்தான் செய்யும்னு சொல்லு கயிறே.”

பெரியவள் வாளியை எட்டி உதைத்தாள். அது உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. அந்த வாரம் மூன்று குட்டி செத்தன. அடுத்த வாரம் இன்னும் இரண்டு.

ஆறாவது குட்டி செத்த அன்று அவள் அழவில்லை. கத்தியை எடுத்துவந்து பின்கட்டு வாசலில், என் கண் முன்னாலேயே, அதன் வயிற்றைக் கீறினாள். குடல் முழுக்க வெள்ளை நாடா. கையால் உருவ உருவ வந்துகொண்டே இருந்தது, அவள் கை நீளத்துக்கு மேல்.

“பாருங்க. படிச்சவர்தானே, பாருங்க. எது குறைஞ்சுது என் வளப்புல? விடியறதுக்குள்ள ஓட்டிட்டுப் போய், பனி சொட்டச் சொட்ட ஈரப் புல்லா மேய்க்கிறேன். அவன் குட்டிங்க வெயில்ல காஞ்சதைத் திங்குது. அதுங்க பொழைக்குது, இதுங்க சாகுது. கடவுளுக்குக் கண்ணு இருக்கா?”

என் நோட்டை எடுத்துப் புரட்டினேன். விடிகிற நேரத்தில் நறுக்கிய புல்லில் நூற்று நாற்பத்திரண்டு. பத்து மணிப் புல்லில் பதினொன்று. உச்சி வெயிலில் இரண்டு. எண்ணி எழுதியது நானேதான். பக்கம் பக்கமாக அதே கணக்கு. மூன்று மாதத்துக்கு மேலாக இந்த எண்களை எழுதிக்கொண்டு, இந்தக் குட்டிகள் சாவதையும் பார்த்துக்கொண்டு, இரண்டையும் ஒரு நாள்கூடச் சேர்த்து யோசிக்காமல் இருந்திருக்கிறேன். என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. புத்தகத்தில் இருக்கிறதுதான். நாடாப்புழுவின் முட்டை புழுக்கையோடு மண்ணில் விழும். அதை உண்ணி தின்னும். உண்ணியின் வயிற்றுக்குள் அந்த முட்டை புழுக்குஞ்சாகும். பனி ஈரம் இருக்கிற வரைக்கும் உண்ணிகள் புல்லின் நுனிவரை ஏறி உலாத்தும். வெயில் பட்டு ஈரம் காய்ந்தால் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஈரப் புல்லைத் தின்கிற குட்டி உண்ணியையும் சேர்த்து விழுங்கும். பெரிய ஆடு தாங்கிக்கொள்ளும். குட்டி தாங்காது.

அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன் உட்காரவைத்தேன். முதலில் ஓர் உண்ணியை முழுதாகக் காட்டினேன்.

“மிளகுக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு,” என்றாள்.

அன்று காலைப் புல்லில் உயிரோடு பிடித்து வைத்திருந்த இன்னொன்றை ஊசியால் நசுக்கிக் காட்டினேன். இருபது முப்பது நசுக்கினால் ஒன்றில்தான் இருக்கும். அன்றைக்கு ஒன்பதாவதிலேயே இருந்தது. வெள்ளையாக, வாலோடு, அசைந்துகொண்டு. “இதுதான் அந்த நாடா. குட்டியா இருக்கிறப்போ இப்படி இருக்கும்.” பிறகு நோட்டைப் பிரித்து, மூன்று எண்களையும் படித்து, எப்போது ஏறும் எப்போது இறங்கும் என்று சொல்லி முடித்தேன். சொல்லும்போது எனக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. “அப்போ மருந்து வைக்கல,” என்றாள்.

“இல்லைக்கா.”

“நான்தான் கொன்னேனா?”

“அப்படிச் சொல்லாதீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நாலு வருஷம் சார்!” என்று அவள் கை மேசையை வீசித் தள்ளியதில் இரண்டு புனல் கீழே விழுந்து மண் சிதறியது. “நாலு வருஷம் நான் ஒரு நாள் விடிஞ்சு எந்திரிச்சதில்ல. கண்ணு எரிய எரிய, காலு வெடிச்சு ரத்தம் வர வர, அவனுக்கு முன்னாடி, அவனுக்கு முன்னாடின்னு… நானே ஓட்டிட்டுப் போய் நானே ஊட்டியிருக்கேனே!” அப்புறம்தான் அழுதாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, செத்த குட்டிகளை ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லி அழுதாள். வெள்ளைக் காது, நொண்டி, மூக்கில் மச்சம் உள்ளது. நான் சிதறிய மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அழுது ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்: “எத்தனை நாள்ல தெரியும்?”

“ஆறு ஏழு வாரம்.”

“யாரு குட்டியா இருந்தாலும் இப்படித்தானா?”

“புழு என்ன வீட்டைப் பாத்தா வருது? யாரு குட்டியா இருந்தாலும்தான்.”

“ம்,” என்று எழுந்து போனாள். அவள் எதற்குக் கேட்டாள் என்று எனக்கு உறைக்கவில்லை. என் மரமண்டைக்கு மறுநாள்தான் உறைத்தது.

மறுநாள் விடிந்த பிறகும் அவள் பட்டியைத் திறக்கவில்லை. சின்னவள் கொல்லைக்கு வந்து, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். பெரியவள் வாளியைப் பார்க்கவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“இனிமே காலையில நீங்க ஓட்டிட்டுப் போங்க. எனக்கு ஒடம்பு முடியல. பத்து மணிக்கு மேல நான் போயிக்கிறேன்.”

சின்னவள் வாயைப் பிளந்தாள். கயிற்றையும் பார்த்தாள், பெரியவளையும் பார்த்தாள், யாரிடம் பதில் சொல்வது என்று தெரியவில்லை. “நிஜமாவாக்கா?” என்றாள்.

“அவன்கிட்டச் சொல்லு. நாலு வருஷமா கேட்டானே, குடுத்துட்டேன்னு சொல்லு.”

அந்த வீட்டில் அன்றைக்குச் சிரிப்புச் சத்தம் கேட்டது. இளையவன் தெருவில் நின்று நாலு பேரிடம் வாய் கிழியப் பேசினான். அண்ணி வழிக்கு வந்துட்டாங்க, இனி பட்டியும் தானா காலியாயிடும் என்றான். அடுத்த நாளிலிருந்து முதல் மேய்ச்சல் அவர்களுடையது. நேரத்தை வாங்கியவன் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினான். இருட்டில் எழுந்து ஓட்டிக்கொண்டு போனது சின்னவள்தான்.

நான் பெரியவளிடம் நேராகவே கேட்டேன். “அக்கா, இது நியாயமா?”

“எது?”

“தெரிஞ்சே அனுப்புறீங்களே.”

“நான் என்ன விஷத்தையா குடுத்தேன்? புல்லு. அதே மேட்டுப் புல்லு. அவன் கேட்ட நேரம். கேட்டதைக் குடுத்தா அது பாவமா?”

“செத்துப்போகும்க்கா. வாயில்லாத ஜீவன்.”

“என் குட்டிங்களுக்கு மட்டும் வாயி இருந்துச்சா? அது சாகச் சாக அவ கயித்துகிட்ட என்ன பேசினான்னு நீங்களும்தானே கேட்டீங்க? எனக்கு அந்த மேட்டுல பாதி ஆட்டாலதான் நிக்குது சார். என் பட்டி காலியானா நான் தெருவுல நிக்கணும். அவன் பட்டி காலியானா அவன் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். அவ்வளவுதான்.”

“நான் போய்ச் சொல்லிடுவேன்.”

“தாராளமா சொல்லுங்க,” என்றாள். கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கை நிற்கக்கூட இல்லை. “நம்புறானான்னு பாப்போம்.”

போனேன். இளையவன் வாசலில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் உண்ணியில் ஆரம்பித்து நாடாவரைக்கும் சொன்னேன். நோட்டை நீட்டினேன். அவன் கிரீஸ் கையால் அதைத் தொடக்கூட இல்லை.

“அண்ணி அனுப்புனாங்களா?”

“இல்லைங்க. நானாத்தான் வந்தேன்.”

“தங்குறது அவங்க வீட்டுல. குடிக்கிறது அவங்க டீ. நானா வந்தேன்னு சொன்னா நம்பிடணும்.” ஸ்பேனரைக் கீழே வைத்தான். “நாலு வருஷம் பிடிவாதமாப் பிடிச்சிருந்த நேரத்தைப் போன வாரம் விட்டாங்க. இந்த வாரம் மனசு ஆறல. திருப்பிக் கேக்க வாயி வரல. அதுக்கு ஒரு பூச்சிக் கதை. கண்ணுக்கே தெரியாத பூச்சி, காலையில ஏறுமாம், பத்து மணிக்கு இறங்குமாம். ஆபீசுக்குப் போகுதா அது?”

“வந்து மைக்ராஸ்கோப்புல ஒரு தரம் பாருங்க.”

“அதுல எதை வச்சாலும் பூச்சிதான் தெரியும். கெளம்புங்க சார். கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன் நான். கிழிச்சுப் போடவும் எனக்குத் தெரியும்.”

இன்னொரு தரம் தெருமுனையில் பிடித்துச் சொல்லிப் பார்த்தேன். அப்போது அவன் என் சட்டைக் காலரைத்தான் பிடித்தான். அதற்குமேல் எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று புனல்களோடு உட்கார்ந்துவிட்டேன். அது கோழைத்தனம்தான். ரோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பெரியவள் டாக்டரைக் கூப்பிட்டு மறுபடி ஒரு தரம் மருந்து ஊற்றினாள். குட்டிகளை ஈரம் காய்ந்த பிறகுதான் ஓட்டினாள். மிச்சம் இருந்த பதினோரு குட்டிக்கும் வயிறு வடிந்து, முதுகில் சதை பிடித்தது. அவளும் தேறினாள். நாலு வருடத்தில் முதல் தரமாக விடிந்தபிறகு எழுந்து, முகம் கழுவி, சூடாக டீ குடித்தாள். எனக்கும் அவித்த கிழங்கு இரண்டு கூடுதலாக வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏழாவது வாரம் சின்னவள் சுவரோரம் வந்து நின்றாள். கையில் ஒரு குட்டி. வயிறு பானையாக உப்பி, கால்கள் குச்சி மாதிரி தொங்கின. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஏழு வாரம் சரியாகத் தூங்காத கண்.

“அக்கா,” என்றாள். வாளியும் இல்லை, கயிறும் இல்லை. “உங்க குட்டிங்களுக்கு என்ன மருந்து ஊத்துனீங்க? டாக்டர் ஊத்துனதுல கழிச்சல் நிக்கலக்கா. ரெண்டு செத்துப்போச்சு. அவரு, ஆடு வளக்கத் தெரியுதா உனக்குன்னு என்னைப் போட்டு அடிக்க வர்றாரு.”

நான் பின்கட்டு வாசலில் சல்லடை கழுவிக்கொண்டிருந்தேன். பெரியவள் குட்டியைப் பார்த்தாள். ஒரு நிமிடம் அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வாய் திறந்தது.

“மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றாள். “ஈரப் புல்லு புதுசுல வயித்தைக் கலக்கும். அப்புறம் பிடிச்சுக்கும். என் குட்டிங்களுக்கும் இப்படித்தானே ஆச்சு, இப்போ பாரு எப்படி இருக்கு. நடுவுல மட்டும் நிறுத்திடாத. இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஓட்டிட்டுப் போ.”

சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்தேன். “பொய்ம்மா அது! அந்த ஈரப் புல்லுலதான் வருது. உங்க வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு தரம் சொன்னேன். காலையில போகாதீங்க!”

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது. “நீங்க யாரு சார் நடுவுல? அவரு சொன்னாரு, காலை நேரத்தைப் பிடுங்கறதுக்கு ஏதோ பூச்சி பூச்சின்னு உளறிட்டுத் திரியுறீங்கன்னு. நாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் எங்க அக்கா என் மூஞ்சியைப் பாத்து ஒரு நல்ல வார்த்தை சொல்றாங்க. அது பொறுக்கலையா உங்களுக்கு?” பிறகு பெரியவளிடம் குரல் இறங்கியது. “நான் என்னென்னமோ பேசியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்கக்கா. நீங்க நல்லா இருக்கணும்.”

அவள் போன பிறகும் பெரியவள் அதே இடத்தில் நின்றாள்.

“நல்லா இருக்கணுமாம்,” என்றாள் என்னிடம். “திட்டிட்டுப் போயிருக்கலாமே அவ. மூதேவி, திட்டிட்டுப் போறதுக்கு என்ன?”

“இப்பவாவது கூப்பிட்டுச் சொல்லுங்கக்கா.”

“என்னன்னு சொல்ல? தெரிஞ்சேதான் அனுப்பினேன்னா?” வாசல் கதவை அறைந்து சாத்தினாள். அன்றைக்கு எனக்கும் சோறு இல்லை, அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் அலறல் கேட்டுத்தான் எழுந்தேன். கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. குட்டிகளை அடைக்கிற அடைப்பு திறந்து கிடந்தது. தாய் ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. பதினொன்றில் ஒன்றுகூட இல்லை.

பூட்ஸ்கூடப் போடாமல் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். மேட்டுக் கேட் திறந்திருந்தது. அன்று பனி அதிகம். கால் வைத்த இடமெல்லாம் நனைந்தது. மேட்டின் நடுவே சின்னவள் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளுடைய குட்டிகளுக்கு நடுவே பெரியவளின் பதினோரு குட்டிகளும் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன.

எங்களைப் பார்த்ததும் சின்னவள் சிரித்தாள். “எதுக்குக்கா ஓடி வர்றீங்க? ஒடம்பு முடியலன்னு சொன்னீங்களே, எழுப்ப வேணாம்னுதான் நானே சுவரைத் தாண்டி வந்து ஓட்டிட்டு வந்துட்டேன். நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க? எங்களால உங்க குட்டிங்களுக்கு ஈரப் புல்லு நின்னுபோச்சேன்னு எனக்குத் தூக்கமே வரல. இனிமே தினமும் நானே சேத்து ஓட்டிட்டு வர்றேன்.”

“திங்க விடாத!” என்று கத்தினாள் பெரியவள்.

“என்னக்கா?”

“புடி! அதுங்களைப் புடி! திங்க விடாத!”

ஓடிப்போய் முதலில் கைக்கு அகப்பட்ட குட்டியின் மேல் விழுந்தாள். முழங்கால்களுக்கு நடுவே அதை இடுக்கிக்கொண்டு, தாடையைப் பிளந்து, வாய்க்குள் விரலை விட்டுப் பச்சையை வழித்து எறிந்தாள். அது கத்தியது. விடவில்லை. நாக்குக்கு அடியில், கன்னத்துக்குள், தொண்டை வரைக்கும் விரலை விட்டுத் துழாவினாள். பிறகு அடுத்த குட்டி. பிறகு அடுத்தது. நானும் இரண்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டேன்.

“என்னக்கா பண்றீங்க? புல்லுதானே? ஏன்க்கா?”

பெரியவள் நிமிரவில்லை. நான்காவது குட்டியின் வாயை வழித்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் எச்சிலும் பச்சையுமாக இருந்தது.

சின்னவள் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் பின்கட்டு வாசலிலிருந்து நான் கத்தியது அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்திருக்க வேண்டும். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. பெரியவளின் விரலைப் பார்த்தாள். திரும்பித் தன் குட்டிகளைப் பார்த்தாள். அவை நனைந்த புல்லில் மூக்கைப் புதைத்து, நறுக் நறுக்கென்று தின்றுகொண்டிருந்தன.

கம்பு கீழே விழுந்தது. பக்கத்தில் நின்ற குட்டியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் வாயைப் பிளந்து, பெரியவள் செய்கிற மாதிரியே, உள்ளே விரலை விட்டாள்.

“ஏழு வாரமாச்சேக்கா,” என்றாள்.